ஊமைக்காயம்: சாத்தான்குளம் கேஸை பேப்பர் பேப்பரா பிரிச்சுப் பார்த்தா

போலீஸ் ஸ்டேஷன் தமிழ்ல ஒரு வார்த்தை இருக்கு, ஊமைக்காயம்னு. வெளிய ரத்தம் தெரியாது, உள்ள அடி பட்டிருக்கும், அதுக்கு அந்தப் பேரு. 2020 ஜூன் 19 ராத்திரி சாத்தான்குளம் ஸ்டேஷன்ல போட்ட எஃப்ஐஆர் சொன்ன கதை இதுதான்: கடையை மூடச் சொன்னதுக்கு ஜெயராஜும் அவரு மகன் பென்னிக்ஸும் போலீஸை கெட்ட வார்த்தையில திட்டி, மிரட்டி, தரையில விழுந்து உருண்டாங்களாம், அதுல அவங்களுக்கு உள்காயம் பட்டுச்சாம். அக்யூஸ்ட் என்ன பண்ணான்னு எழுத வேண்டிய இடத்துல அவன் உடம்புல காயம் எப்படி வந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. நான் ஜூனியர் வக்கீலா இருந்தப்ப எங்க சீனியர் சொல்வாரு, "தம்பி, எஃப்ஐஆர்ல இந்த வரி இவங்களுக்கு எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு மொதல்ல யோசி"ன்னு. இந்த ஒரு வரிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி கேஸ் வெளிய வந்துரும்.

நடந்தது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்துல காமராஜர் சிலை பக்கம் செல்போன் கடை. லாக்டவுன் நேரம். கடையை அனுமதிச்ச நேரத்துக்கு மேல திறந்து வச்சிருந்தாங்கன்னு 19ந்தேதி சாயங்காலம் அப்பாவை ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போறாங்க, என்ன ஏதுன்னு கேக்க மகன் பின்னாடியே போறான், ரெண்டு பேரும் அதுக்கப்புறம் வீட்டுக்கு வரல. மறுநாள் ஆஸ்பத்திரி, மாஜிஸ்ட்ரேட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ந்தேதி ராத்திரி மகன் செத்துப் போனான், 23 விடியக்காலையில அப்பா. அரசுத் தரப்புல முதல்ல வந்த விளக்கம் மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு.

அடிச்ச கொடுமையை நான் இங்க திரும்ப விவரிக்கப் போறதில்ல, அதை எழுதினவங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கு இந்த கேஸ்ல இன்னிக்கும் உறுத்துறது வேற. அந்த ரெண்டு பேர் ஸ்டேஷன்ல இருந்து ஜெயிலுக்குப் போற வழியில நாலஞ்சு சட்ட வாசல் இருந்துச்சு. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு ஆபீசர் நின்னாரு, அவரு கையில ஒரு பேப்பர் இருந்துச்சு, எல்லாப் பேப்பர்லயும் கையெழுத்தும் விழுந்துச்சு. ஒரு இடத்துலயாவது ஒருத்தர் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்திருந்தா கதை அங்கயே நின்னிருக்கும்.

முதல் வாசல் அரெஸ்ட். போட்ட செக்‌ஷனைப் பாருங்க, ஐபிசி (அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டம்) 188, 269, 294(பி), 353, 506(2). 188 அரசு உத்தரவை மீறினது, அதிகபட்சம் 6 மாசம். 269 தொத்து நோய் பரப்புற மாதிரி அஜாக்கிரதையா இருந்தது, அதுவும் 6 மாசம். 294(பி) பொது இடத்துல கெட்ட வார்த்தை, 3 மாசம். 353 அரசு ஊழியரை வேலை செய்ய விடாம தாக்கினது, 2 வருஷம். 506(2) கொலை மிரட்டல், 7 வருஷம் வரைக்கும். தமிழ்நாட்டு கோர்ட் வாசல்ல ஒரு மாசம் நின்னவங்களுக்கு இந்த காம்பினேஷன் மனப்பாடம், 294(பி)யும் 506(2)வும் இல்லாத அடிதடி எஃப்ஐஆரை நான் பார்த்ததா ஞாபகமே இல்ல, சாம்பார்ல பெருங்காயம் போடுற மாதிரி கை தானா போட்டுரும்.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, எந்த செக்‌ஷனும் 7 வருஷத்தைத் தாண்டல. 2014ல சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் கேஸ்ல சொன்னது என்னன்னா, 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துல போலீஸ் எடுத்ததும் அரெஸ்ட் பண்ணக் கூடாது, சிஆர்பிசி (அப்ப இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 41ல சொன்ன காரணம் ஏதாவது இருக்கணும், அதாவது ஆள் ஓடிருவான், தடயத்தை அழிச்சுருவான், சாட்சியை மிரட்டுவான், மறுபடி குற்றம் பண்ணுவான், விசாரணைக்கு ஆள் கண்டிப்பா வேணும், இந்த மாதிரி ஏதாவது, அதையும் எழுத்துல வைக்கணும். இல்லைன்னா 41ஏ நோட்டீஸ் கொடுத்து "இந்தத் தேதிக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு விட்டுரணும். பல பேர் இதை ஜாமீன் கொடுக்கிறதோட குழப்பிக்கிறாங்க. இது ஜாமீனுக்கு முந்தின கட்டம். அரெஸ்ட் பண்ணுற பவர் இருக்கிறது ஒண்ணு, அரெஸ்ட் பண்ண வேண்டிய அவசியம் இருக்கிறது இன்னொண்ணு, ரெண்டையும் தனித்தனியா பாருன்னு கோர்ட் 1994லயே ஜோகிந்தர் குமார் கேஸ்ல சொல்லிருச்சு.

இப்ப யோசிங்க. ஊருக்கே தெரிஞ்ச கடைக்காரர், அம்பது வயசைத் தாண்டினவரு, கடை அங்கயே இருக்கு, வீடு அங்கயே இருக்கு. திருட்டுப் பொருள் ரெக்கவரி பண்ணணுமா? இல்ல. கூட்டாளி யாருன்னு கண்டுபிடிக்கணுமா? அதுவும் இல்ல. புகார் கொடுத்தது போலீஸ், சாட்சி போலீஸ், விசாரிக்கிறது அதே ஸ்டேஷன். விசாரணைன்னு ஒண்ணு செய்யவே அதுல விஷயம் இல்ல. ஒரு நோட்டீஸை கையில கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டிய கேஸ் அது.

188 பத்தி ஒரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன், கொரோனா டைம்ல இது போட்டு லட்சக்கணக்குல கேஸ் எழுதுனாங்களே, அந்த 188க்கு போலீஸ் எஃப்ஐஆர் போட்டு சார்ஜ்ஷீட் தாக்கல் பண்ணுறதே செல்லாதுன்னு 2018ல சென்னை ஹைகோர்ட் ஜீவானந்தம் கேஸ்ல தீர்ப்பு சொல்லியிருக்கு. ஏன்னா சிஆர்பிசி 195 படி சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்துப் பூர்வமா கோர்ட்ல கம்ப்ளெயின்ட் கொடுத்தாத்தான் கோர்ட் அந்தக் குற்றத்தை கையிலயே எடுக்க முடியும். தீர்ப்பு வந்து ரெண்டு வருஷம் ஆகுறதுக்குள்ள ஊரெல்லாம் 188. சரி, அது வேற பஞ்சாயத்து.

எஃப்ஐஆர் சொன்ன உருண்டு புரண்ட கதைக்கு வருவோம். பக்கத்துக் கடை சிசிடிவி வெளிய வந்துச்சு. அதுல ஜெயராஜ் போலீஸ் வண்டிகிட்ட சாதாரணமா நடந்து போறாரு. தரையில யாரும் உருளல. எஃப்ஐஆர்னா உண்மைன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அது வெறும் முதல் தகவல்தான், விசாரணை வண்டியை ஸ்டார்ட் பண்ணுற சாவி, அவ்வளவுதான், அதுவே ஆதாரம் ஆகாது. ஆனா பொய் எஃப்ஐஆருக்கு ஒரு குணம் இருக்கு, எழுதினவங்களுக்கு எதிராவே ஒரு நாள் ஆதாரமா வந்து நிக்கும். இந்த கேஸ்ல அதுதான் ஆச்சு.

ரெண்டாவது வாசல் அரெஸ்ட் மெமோ. 1996 டிசம்பர்ல டி.கே. பாசு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் 11 கட்டளை போட்டுச்சு, அரெஸ்ட் பண்ணுற போலீஸ் நேம் பேட்ஜ் போட்டிருக்கணும், மெமோவுல நேரம் தேதி எழுதி குடும்பத்து ஆளோ ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்து போடணும், அரெஸ்ட் ஆனவன் கேட்டா உடம்புல இருக்கிற சின்னது பெருசு எல்லாக் காயத்தையும் அப்பவே குறிச்சு ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கணும், வக்கீலைப் பார்க்க விடணும், இப்படிப் போகும். ஸ்டேஷன் சுவத்துல போர்டு கூட மாட்டியிருப்பாங்க, பெயின்ட் உதிர்ந்து பாதி எழுத்து தெரியாது. அந்தக் காயத்தைக் குறிக்கிற ஆய்வு மெமோ இருக்கே, அதை ஒழுங்கா எழுதுற ஸ்டேஷனை நான் விரல் விட்டு எண்ணிருவேன். அதை எழுதினா உள்ள வந்தப்ப ஆள் எப்படி இருந்தான்னு பதிவாயிரும், வெளிய போறப்ப எப்படிப் போனான்னு ஒப்பிட்டுப் பார்த்துருவாங்க, பிரச்சனை அங்கதான்.

மூணாவது டாக்டர். 20ந்தேதி காலையில சாத்தான்குளம் அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வர்றாங்க. லுங்கி ரத்தத்துல நனைஞ்சு நனைஞ்சு மாத்த வேண்டியிருந்துச்சு, கருப்பு கலர்ல எடுத்துட்டு வரச் சொன்னாங்கன்னு குடும்பத்துக்காரங்க சொன்னாங்க. அப்படியும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வந்துருச்சு. 'ஃபிட் ஃபார் ரிமாண்ட்'னு, அதாவது மாஜிஸ்ட்ரேட் உத்தரவுல காவல்ல வைக்க உடம்பு தாங்கும்னு, கோர்ட் வட்டாரத்துல பேச்சு வழக்குல சொல்வோம், சட்டத்துல அப்படி ஒரு வார்த்தையை எழுதித் தரணும்னு யாரும் டாக்டரைக் கேக்கல. சிஆர்பிசி 54 கேக்குறது மருத்துவப் பரிசோதனை, என்ன காயம், எப்ப பட்டிருக்கலாம்னு எழுதுற ரெக்கார்டு, அதோட காப்பியை அரெஸ்ட் ஆனவனுக்கே கொடுக்கணும். ஒரு வரி சர்டிஃபிகேட்டா அதைச் சுருக்கினது நடைமுறை. காலையில ஓபில நூறு பேர் நிக்குறப்ப எஸ்கார்ட் போலீஸ் ஒரு ஃபாரத்தை நீட்டினா என்ன நடக்கும்னு ஆஸ்பத்திரிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும்.

நாலாவதுதான் பெரிய வாசல், ரிமாண்ட். அரெஸ்ட் ஆன 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் கணக்குல வராது, அரசியல் சட்டம் 22(2) அது. நிறுத்தினதும் மாஜிஸ்ட்ரேட் தானா ரிமாண்ட் பண்ணிரணும்னு கிடையாது. போலீஸ் கொடுத்த காரணத்தைப் படிச்சு, 41 செக்லிஸ்ட் இருக்கான்னு பார்த்து, அரெஸ்ட்டே தேவையில்லாததுன்னு தோணுனா ரிமாண்டை ரிஜெக்ட் பண்ணலாம், பண்ணணும். அர்னேஷ் குமார் தீர்ப்புல காரணம் எழுதாம ரிமாண்ட் பண்ணுற மாஜிஸ்ட்ரேட் மேல ஹைகோர்ட் துறை நடவடிக்கை எடுக்கும்னே சொல்லியிருக்கு. அதுக்கு மேல, 2020 மார்ச் 23ல கொரோனாவுக்காக சிறையில நெரிசலைக் குறைங்க, 7 வருஷம் வரைக்கும் உள்ள கேஸ்ல இருக்கிறவங்களை வெளிய விட முடியுமான்னு பாருங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. உள்ள இருக்கிறவனையே வெளிய விடச் சொல்லுற நேரத்துல செல்போன் கடைக்காரர் ரெண்டு பேரை உள்ள அனுப்புறாங்க.

மாஜிஸ்ட்ரேட் அவங்களைப் பக்கத்துல கூப்பிட்டுப் பார்க்கல, தூரத்துல இருந்தே ரிமாண்ட் ஆச்சுன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. கொரோனா இடைவெளி. ரிமாண்ட்ல மாஜிஸ்ட்ரேட் வழக்கமா ஒரு கேள்வி கேப்பாங்க, போலீஸ் மேல புகார் உண்டான்னு. நான் எத்தனையோ தடவை நின்னு பார்த்திருக்கேன். பையன் கையைக் கட்டிட்டு நிப்பான், அவன் தோளுக்குப் பின்னாடி ஒரு அடி தள்ளி அவனைக் கூட்டிட்டு வந்த ஏட்டு நிப்பாரு. "புகார் ஏதும் இருக்கா?" "இல்லைங்கய்யா." முடிஞ்சது. திரும்பிப் போறதும் அதே ஏட்டோட அதே ஜீப்புலதானே, வேற என்ன சொல்லுவான். ஒரே ஒரு தடவை ஒரு லேடி மாஜிஸ்ட்ரேட் போலீஸை எல்லாம் வெளிய போகச் சொல்லிக் கதவைச் சாத்திட்டு, பேனாவை மூடி வச்சுட்டு, "சட்டையைக் கழட்டுப்பா"ன்னு சொன்னாங்க. அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு, மிஞ்சிப் போனா மூணு. இந்த கேஸை எப்ப படிச்சாலும் எனக்கு அந்த மூடி வச்ச பேனாதான் ஞாபகத்துக்கு வரும்.

ரிமாண்ட் ஆனதும் பாளையங்கோட்டை மத்தியச் சிறை பக்கம், ஆனா கொண்டு போனது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறைக்கு. ஜெயில் அட்மிஷன்ல காயம் இருக்குன்னு பதிவு ஆயிருக்கு. காலையில டாக்டர் எழுதாததை ஜெயில்ல எழுதியிருக்காங்க, ஏன்னா அவங்களுக்கு ஒரு பயம் உண்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில விழும்னு. சிஸ்டத்துல நேர்மையை விட இந்தப் பயம் சில நேரம் நல்லா வேலை செய்யுது.

இங்க ஒரு சொல் குழப்பம். எல்லாரும் லாக்கப் டெத்னு சொன்னோம். சாவு நடந்தது போலீஸ் கஸ்டடியில இல்ல, ஜுடிஷியல் கஸ்டடியில. போலீஸ் கஸ்டடினா ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்கிறது, ஜுடிஷியல் கஸ்டடினா கோர்ட் உத்தரவுல ஜெயில்ல இருக்கிறது. "எங்ககிட்ட இருந்து போறப்ப நல்லாதான் இருந்தாங்க, ஃபிட்னஸ் இருக்கு பாருங்க"ன்னு சொல்ல அந்த பேப்பர் எல்லாம் தயாரா இருந்துச்சு. ஆனா சிஆர்பிசி 176(1ஏ) இந்த ஓட்டையை அடைச்சிருச்சு, போலீஸ் கஸ்டடியோ, மாஜிஸ்ட்ரேட்டோ கோர்ட்டோ அனுமதிச்ச வேற எந்தக் கஸ்டடியோ, உள்ள ஆள் செத்தா ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட் விசாரிச்சே ஆகணும். முன்னாடி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைன்னு ஒண்ணு நடக்கும், அதோட கதியை நான் சொல்ல வேண்டியதில்ல. 2006 ஜூன் 23ல அமலுக்கு வந்த திருத்தம் இது, அதுக்கு சரியா 14 வருஷம் கழிச்சு அதே தேதியில ஜெயராஜ் உயிர் போச்சு.

அந்த விசாரணையை எடுத்தவர் கோவில்பட்டி ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட் பாரதிதாசன். ஹைகோர்ட் மதுரைக் கிளையில நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி பெஞ்ச் தானா முன்வந்து கேஸை எடுத்து அவருக்குப் பின்னாடி நின்னுச்சு. ஜூன் 28 அவர் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போறாரு. அவர் ஹைகோர்ட்டுக்கு அனுப்பின ரிப்போர்ட்டைப் படிச்சா கை நடுங்கும். கேட்ட ரெக்கார்டு வரல. பெரிய ஆபீசர்கள் உடம்பை முறுக்கிட்டு நின்னாங்க, ஒரு கான்ஸ்டபிள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து "உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா"ன்னு சொல்லியிருக்காரு. லத்தியைக் கொடுன்னு கேட்டதுக்கு ஒருத்தர் சுவர் ஏறிக் குதிச்சு ஓடிட்டாரு. லத்தி எதுக்குன்னா, அதை மகஜர் (சாட்சிக் கையெழுத்தோட எழுதுற கைப்பற்றல் பத்திரம்) போட்டுக் கைப்பற்றினா நாளைக்கு கோர்ட்ல சான்றுப் பொருள், ரத்தம் இருந்தா லேப் சொல்லிரும், ஓடினவருக்கு அது நல்லாத் தெரியும். சிசிடிவி ஹார்டு டிஸ்க் 1 டெராபைட், இடம் நிறைய கிடந்துச்சு, ஆனா தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் போட்டு வச்சிருந்தாங்க. 19ந்தேதி ஃபுட்டேஜ் இல்ல.

அங்க ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தாங்க. ராத்திரி முழுக்க அடிச்சாங்க, மேஜையிலயும் லத்தியிலயும் ரத்தம் இருந்துச்சுன்னு சொன்னாங்க, யாராவது ஒட்டுக் கேக்குறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாங்க, கையெழுத்து போட ரொம்பத் தயங்கி அப்புறம்தான் போட்டாங்க. அந்தக் கையெழுத்தோட மதிப்பு என்னன்னா, சிஆர்பிசி 161 படி விசாரணையில போலீஸ் எடுக்கிற வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்து போடவே கூடாது, செக்ஷன் 162 அதைத் தடுக்குது, அது சாட்சியமாவும் நிக்காது, கோர்ட்ல சாட்சி மாத்திப் பேசுனா முரண்பாட்டைக் காட்ட மட்டும்தான் உதவும். ஸ்டேஷன்ல வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடாதேன்னு நாங்க சொல்றது இதனாலயும்தான். மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சொல்லிக் கையெழுத்து போட்டது வேற ஜாதி, அதைப் பின்னாடி யாரும் இல்லைன்னு சொல்லிட முடியாது. அந்தம்மா அன்னிக்கு வெளிய போனா தன்னோட வேலை செய்யுறவங்க முகத்துலதான் முழிக்கணும், அது தெரிஞ்சுதான் போட்டாங்க.

மறுநாளே ஹைகோர்ட் ஒரு போலீஸ் ஸ்டேஷனை வருவாய்த்துறை கையில ஒப்படைக்கச் சொல்லி கலெக்டருக்கு உத்தரவு போட்டுச்சு, தடயத்தைக் காப்பாத்துறதுக்காக. தாசில்தார் வந்து போலீஸ் ஸ்டேஷனைக் காவல் காத்த காட்சி, சட்டம் படிக்கிறப்ப எந்த வாத்தியாரும் சொல்லித் தராதது. ஜூன் 30 அதே பெஞ்ச், கொலைக் குற்றமான 302க்கு முதல் நோக்குல ஆதாரம் இருக்குன்னு சொல்லி, சிபிஐ வர்ற வரைக்கும் காத்திருந்தா தடயம் போயிரும்னு சிபிசிஐடி கையில கொடுத்துச்சு. மறுநாள் ராத்திரியே அரெஸ்ட் ஆரம்பிச்சுருச்சு. இன்ஸ்பெக்டர், எஸ்ஐக்கள், ஏட்டு, கான்ஸ்டபிள்னு மொத்தம் 10 பேர். அதுல ஒருத்தர் கொரோனாவுல இறந்துட்டாரு, மிச்சம் 9 பேர் மேல சிபிஐ அந்த செப்டம்பர்ல சார்ஜ்ஷீட் போட்டுச்சு, கொலை, தடயம் அழிச்சது எல்லாம் சேர்த்து. விசாரணை மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போச்சு. சார்ஜ்ஷீட் போட நிதானமா 90 நாள் டைம் இருந்தும் அதுக்குள்ள போட்டதுக்குக் காரணம் இருக்கு, நாள் தாண்டினா டீஃபால்ட் பெயில், அதாவது சார்ஜ்ஷீட் வராததாலயே கிடைக்கிற ஜாமீன், அது அக்யூஸ்ட் போலீஸா இருந்தாலும் உரிமைதான்.

2024 ஜூலை 1ல இருந்து செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிப் போச்சு, 41ம் 41ஏவும் சிஆர்பிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 35, ரிமாண்ட் 167 இப்ப 187, 176(1ஏ) இப்ப 196. 60 வயசுக்கு மேல இருக்கிறவங்களையோ உடம்பு முடியாதவங்களையோ 3 வருஷத்துக்குக் கீழ உள்ள குற்றத்துல டிஎஸ்பி அனுமதி இல்லாம அரெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு 35(7)ல சேர்த்தது நல்லது. ஆனா 187ஐ படிச்சா எனக்குப் பயம், 15 நாள் போலீஸ் கஸ்டடியை முன்னாடி முதல் 15 நாளுக்குள்ளதான் கேக்கலாம், இப்ப முதல் 40 நாள், பெரிய குற்றம்னா 60 நாளுக்குள்ள பிச்சுப் பிச்சுக் கேக்கலாம். ஜெயிலுக்குப் போயாச்சு, இனி அடி இல்லைன்னு ஒருத்தன் நிம்மதியா இருக்க முடியாது. இன்னொரு பக்கம், 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், எந்தக் குற்றமா இருந்தாலும் அரெஸ்ட் காரணத்தை அவனுக்குப் புரியுற மொழியில எழுத்துல கொடுக்கணும், உடனே முடியலைன்னா ரிமாண்டுக்குக் குறைஞ்சது 2 மணி நேரம் முன்னாடியாவது கொடுத்திருக்கணும், இல்லைன்னா அரெஸ்ட்டும் ரிமாண்டும் செல்லாதுன்னு சொல்லியிருக்கு. இது மட்டும் 2020ல இருந்திருந்தா "கடையைத் திறந்து வச்சதால அரெஸ்ட்"னு எழுதிக் கையில கொடுக்க வேண்டி இருந்திருக்கும், எழுதுறப்பவே எழுதுறவருக்குக் கூச்சமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

கேமரா விஷயத்துக்கு 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துச்சு. ஸ்டேஷன்ல வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், எல்லா இடத்துலயும் சத்தத்தோட பதியுற கேமரா, ஃபுட்டேஜை 18 மாசம் வச்சிருக்கணும், அவ்வளவு ஸ்டோரேஜ் கிடைக்கலைன்னா எந்த நிலையிலயும் 1 வருஷத்துக்குக் குறையக் கூடாது. அதை நம்பி 18 மாசம் கழிச்சு கேக்கலாம்னு இருந்துறாதீங்க. நம்ம வீட்டுப் பையனை ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனாங்கன்னா, ரிமாண்ட் அன்னிக்கே மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஒரு பக்கத்துல மனு கொடுத்துருங்க, இன்ன தேதி இன்ன நேரத்துல இருந்து இன்ன நேரம் வரைக்கும் இந்த ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி, பக்கத்துக் கடை கேமராவையும் சேர்த்து. மனுல சீல் வாங்கி ஒரு காப்பியை வீட்டுல வச்சுக்கோங்க.